எழுந்திருக்காத எருமை

அக்காவுக்கு வயிற்றில் என்ன நடந்தாலும் அது ஊருக்கே தெரிந்துவிடும். அவரே சொல்லிவிடுவார். காலையில் கிணற்றடியில் நாலு பெண்கள் குடத்தோடு நிற்கும்போது, பல் துலக்கிய கையோடு, "நேத்து தின்ன பலாக்கொட்டை ஒத்துக்கலை, இனிமே ராத்திரியில வேணாம்" என்று அறிவிப்பார். பக்கத்தில் நிற்கும் எனக்குக் காது சிவந்துவிடும். ஒரு டீச்சர், அதுவும் பெண், இப்படியா பேசுவது என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே புரியாது. "வயித்துக்கு ஆம்பளை பொம்பளை உண்டா தமிழம்மா?" என்பார்.

நான் தமிழ் டீச்சர் என்பதால் எனக்கு அந்தப் பெயர். அவர் சயின்ஸ் டீச்சர். இண்டூரைத் தாண்டி ஒரு கிராமத்தில், மாதா கோயில் நடத்திய பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் வேலை. சேலத்திலிருந்து தர்மபுரியைத் தனி மாவட்டமாகப் பிரித்திருந்த புதிது. நான் அரூர்ப் பக்கத்துக்காரி. அவர் நல்லம்பள்ளிப் பக்கம், கிறிஸ்தவ விவசாயக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "யாரும் பரீட்சைக்கு உக்காரலை" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒரே அடுப்பு. பின்னால் ஓலைத் தட்டி மறைத்த ஒரே கக்கூஸ். இந்தக் கடைசி விவரம் கதைக்கு முக்கியம்.

எதையும் தன் உடம்பில் போட்டுப் பார்க்காமல் அவர் நம்பமாட்டார். அம்மை குத்த ஆட்கள் வந்து, ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒளிந்த சமயத்தில், அவர் தெருவில் நின்று கையை நீட்டினார். பிறகு ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு வீடு வீடாகக் காட்டினார். "வீக்கம் நெல்லிக்கா அளவு இருக்குது. நாளைக்கு வடிஞ்சிடும்." மறுநாள் வடியவில்லை. அதையும் அதே வீடுகளுக்குப் போய்ச் சொன்னார். "வடியலை. நான் நெனச்சது தப்பு. இன்னும் ரெண்டு நாள் ஆவும்." நான் நெனச்சது தப்பு என்பதை அவர் சொல்லும் விதமே தனி. மற்றவர்களுக்குத் தொண்டையில் முள் மாதிரி சிக்கும் வார்த்தை, அவருக்கு மணி என்ன என்று சொல்வதுபோல வரும். எங்கள் பள்ளியில் வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, என்னையும் சேர்த்து.

ஒரு கோடை விடுமுறையில் பெங்களூருக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போய்வந்தார். போனவர் வேறு, வந்தவர் வேறு. பெட்டியைக்கூடப் பிரிக்காமல், நான் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன் கண்ணுல ஒரு செல்லு. ஈரல்ல ஒரு செல்லு. ரெண்டுலயும் இருக்கிற ஜீன் அத்தனையும் ஒண்ணேதான், தெரியுமா? பித்தநீர் செய்யறதுக்கு வேண்டிய ஜீன் உன் கண்ணுலயும் இருக்குது."

"அப்புறம் ஏன்க்கா கண்ணுல பித்தநீர் வரலை?"

"அதான் கேள்வி!" என்று தரையில் அடித்தார். "மூடி வச்சிருக்குது. எந்த ஜீனு வேணுமோ அதை மட்டும் தொறந்து வச்சுக்கிட்டு, மத்ததை எல்லாம் மூடி வச்சிருக்குது. அதனாலதான் கண்ணு கண்ணா இருக்குது, ஈரல் ஈரலா இருக்குது. எல்லாம் தொறந்தே கெடந்தா நீயும் நானும் வெறும் சதைப் பிண்டம்."

யார் மூடுகிறார்கள், யார் திறக்கிறார்கள் என்று கேட்டேன். மாட்டிக்கொண்டேன். கொத்தவரங்காய் வாடும்வரை சொன்னார். நம் குடலில் ஒரு கிருமி இருக்கிறதாம். பாலில் உள்ள சர்க்கரையை வெட்டித் தின்ன அதற்கு ஒரு கத்தி வேண்டும். கத்தி செய்யும் ஜீன் அதனிடம் உண்டு. ஆனால் பாலே வராதபோது கத்தி எதற்கு?

"அதனால அந்த ஜீனுக்கு முன்னால ஒரு புரோட்டீன் வந்து குறுக்கே படுத்துக்குது. வண்டித் தடத்துல எருமை படுத்த மாதிரி. ஜீனைப் படிக்க வர்ற வண்டி அங்கேயே நின்னுபோவுது. பால் சர்க்கரை வந்தா அது நேராப் போயி அந்த எருமையைத்தான் புடிச்சுக்கும். எருமை எழுந்து போயிடும். வண்டி ஓடும், கத்தி வரும். சர்க்கரை தீர்ந்தா எருமை திரும்ப வந்து படுத்துக்கும். யாரும் ஓட்டறதில்லை, யாரும் கட்டறதில்லை. தானா நடக்குது தமிழம்மா, தானா!"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அன்று புரிந்தது எருமை மட்டும்தான். அதன்பிறகு எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் எருமைதான். அடுப்பு பற்றாவிட்டால் எருமை படுத்திருக்கிறது, பஸ் வராவிட்டால் எருமை படுத்திருக்கிறது.

அந்த வருடம் மழை பொய்த்தது. கேழ்வரகு கருகியது. பிள்ளைகள் காலையில் வெறும் வயிற்றோடு வந்து பிரேயரில் மயங்கி விழுந்தார்கள். அப்போதுதான் பங்குச்சாமியார் வழியாக அமெரிக்கப் பால் பவுடர் வந்தது, பெரிய பெரிய டிரம்களில். தினமும் காலையில் வெந்நீரில் கரைத்து ஆளுக்கு ஒரு டம்ளர். காய்ச்சி ஊற்ற சவரியம்மாவை வைத்தார்கள். புருஷன் இல்லாதவர், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. சேரியிலிருந்து வருபவர். ஞானஸ்நானம் வாங்கி இரண்டு தலைமுறை ஆகியும் கோயிலில்கூட அவர்களுக்குத் தனிப் பக்கம்தான், அதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. பிள்ளைகள் ஒட்டிப்போயிருக்கிறார்கள் என்று, சொன்ன அளவைவிட ஒரு கை கூடுதலாகவே பவுடர் போடுவார் சவரியம்மா.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிள்ளைகளுக்கு வயிறு உப்பியது, கடமுடா என்றது, பாதிப் பேர் பாடம் நடக்கும்போதே காட்டுப் பக்கம் ஓடினார்கள். அந்த ஊர் வீடுகளில் பாலை விற்பார்கள், மோரைக் கூழில் ஊற்றுவார்கள். தாய்ப்பால் மறந்த பிள்ளைக்கு டம்ளர் நிறையப் பால் கொடுக்கும் வழக்கம் கிடையாது. அதனால் பால் இப்படிச் செய்யும் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் ஒரு காரணம் வேண்டுமே. ஊருக்குத் தலைவராக இருந்த மணியக்காரர் அதைக் கண்டுபிடித்தார்.

"பாலு நல்ல பாலுதானுங்க. காய்ச்சற கை அப்பிடி."

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி, சவரியம்மாவை நிறுத்திவிடலாம் என்றார். சவரியம்மா பால் அண்டாவுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றார். அக்கா எழுந்து போனார். சவரியம்மா கையாலேயே ஒரு டம்ளர் ஊற்றச் சொன்னார். எல்லார் முன்னாலும் அண்ணாந்து குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார்.

"பாத்தீங்களா? இந்தக் கையில என்ன கெடுதல்? நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன். எனக்கு ஒண்ணும் ஆவாது."

உட்கார்ந்தார். கூட்டம் வரி, வாய்க்கால், மழை என்று பேசிக்கொண்டிருந்தது. அக்கா முகம் மெல்ல மாறியது. புடவைத் தலைப்பைப் பிடித்தார். வயிறு போட்ட சத்தம் எனக்கே கேட்டது. பிறகு எழுந்து, ஒரு சயின்ஸ் டீச்சர் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடினார். மணியக்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "இன்னும் என்னாங்க வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அழுவார் என்று நினைத்தேன். அவர் அடுப்பைப் பற்றவைத்தார். டிரம்மிலிருந்து ஒரு டப்பா பவுடர் கேட்டு வாங்கிவந்திருந்தார். எங்கள் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து, எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தன் கையால் கலக்கி, எனக்கு ஒரு டம்ளர், தனக்கு ஒரு டம்ளர். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத் தூங்கினேன். அவர் தூங்கவில்லை.

"கை இல்லை" என்றார் காலையில், சோர்ந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்போடு. "ஒரே பாலு, ஒரே பானை, ரெண்டு வயிறு. கோளாறு வயித்துக்குள்ள இருக்குது." அவரே விளக்கினார். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் செரிக்கிறது. ஆக, அந்தச் சர்க்கரையை வெட்டும் கத்தியைக் குழந்தையின் குடல் செய்கிறது. பால் நின்றதும் அந்த ஜீன் மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதுவரை சரி. அப்போதுதான் வழுக்கினார்.

"உங்க வூட்டுல மாடு உண்டா?"

"எப்பவும் உண்டுக்கா."

"அதான்! நீ விடாமக் குடிச்சிருக்கே. உனக்கு எருமை படுக்கவே இல்லை. இந்தப் புள்ளைங்களுக்கும் விடாமக் குடுத்தா எருமை எழுந்து போயிடும்!"

கேட்கும்போது எவ்வளவு பொருத்தமாக இருந்தது! கிருமிக்கு அப்படித்தானே நடக்கிறது? அக்கா தலைமையாசிரியரிடம் கிறிஸ்துமஸ் வரை தவணை வாங்கினார். அதுவரை சவரியம்மா இருக்கட்டும், அதற்குள் பிள்ளைகளுக்குப் பழகிவிடும், பழகாவிட்டால் உங்கள் இஷ்டம் என்றார். தாய்மார்களிடம் வீடு வீடாகப் போனார். "வவுத்தால போவுதுன்னு நிறுத்திடாதீங்க. விடாமக் குடுங்க. பழகிடும்." சயின்ஸ் டீச்சர் சொல்கிறாரே என்று கொடுத்தார்கள். அவரும் தினமும் குடித்தார். தினமும் கிணற்றடியில் அறிவித்தார். "இன்னிக்கும் போச்சு. ஆனா நேத்தைவிடக் கம்மி மாதிரி இருக்குது." கம்மி ஒன்றும் இல்லை. ஒரே கக்கூஸ் இருந்த வீட்டில் வாளி தூக்கிய எனக்குத் தெரியாதா?

பிள்ளைகள் மெலிந்தார்கள். இரண்டாம் வகுப்பில் செல்வி என்று ஒரு சின்னப் பெண், அக்கா சொன்னால் விஷத்தையும் குடிப்பாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள், சிந்தாமல். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலத்தில் பள்ளிக்கூடம் வருவதை நிறுத்திவிட்டாள். போய்ப் பார்த்தோம். கண் உள்ளே போயிருந்தது. அவள் அம்மா, "நீங்க சொன்னாப்புலதான் குடுக்கறேனுங்க" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ஊரிலிருந்து என் தம்பி வந்தான், ஒரு மூட்டை வேர்க்கடலையோடு. நல்ல வளர்ந்த ஆள், அப்போதே மீசை. அக்கா அவனுக்கும் ஒரு டம்ளர் பால் நீட்டினார். அவன் என்னைப் பார்த்தான்.

"வேணாம்க்கா. எனக்குச் சின்னதுலேருந்தே ஒத்துக்காது. ஆத்தா அடிச்சு அடிச்சுக் குடுக்கும், நான் வேலிக்கு ஓடுவேன். நடிக்கிறான்னு அதுக்கும் அடி."

அது உண்மை. எங்கள் ஆத்தா அவன் எட்டாவது படிக்கும்வரை விடவில்லை. நாங்கள் எல்லாரும் அவனைக் கேலி செய்திருக்கிறோம். அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதே வூடு, அதே மாடு. தெனமும் குடிச்சியா?"

"தெனமும்தானுங்க."

அக்கா வெகுநேரம் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே இருந்தார், ஒன்றைக்கூட வாயில் போடாமல். பிறகு என்னிடம் சொன்னார்: "நான் நெனச்சது தப்பு தமிழம்மா. அது கிருமியோட எருமை. நம்ம குடல்ல இருக்கிறது அது இல்லை. பால்குடி மறக்கிற வயசு வந்ததும் உடம்பே ஒரு கணக்கு வச்சு மெல்ல மூடிடுது போல. உன்னை மாதிரி சில பேருக்கு மூடறதே இல்லை. மூடினவங்களுக்கு அண்டா அண்டாவா ஊத்தினாலும் தொறக்காது. கிருமிக்குப் பொருந்தினா கொழந்தைக்கும் பொருந்தும்னு நெனச்சுட்டேன்." உரித்த கடலையைத் தள்ளிவைத்தார். "செல்வி வயித்துலயும் போட்டுப் பாத்துட்டேன்."

இதைப் பெரிய பெரிய விஞ்ஞானிகளே அந்தக் காலத்தில் முடிவாகச் சொல்லவில்லை, பழக்கமா பிறப்பா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பின்னாளில் படித்தேன். அக்காவிடம் சொன்னபோது அது அவருக்குச் சமாதானமாக இல்லை. "அவங்க யாரும் செல்வி வூட்டுக்குப் போயி விடாமக் குடுங்கன்னு சொல்லலையே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே நின்று பேசினார். தாய்மார்கள், தலைமையாசிரியர், மணியக்காரர் எல்லாரும் இருந்தார்கள். மணியக்காரர் பூசைக்கு வருகிறவர் இல்லை. ஏதோ முடிவாகிறது என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். "பழகிடும்னு நான் சொன்னது தப்பு. உங்க புள்ளைங்க பட்ட கஷ்டம் என்னாலதான். நாளையிலேருந்து பாலாக் குடுக்க வேணாம்" என்றார். தலைமையாசிரியர் மெல்ல, பழகாவிட்டால் எங்கள் இஷ்டம் என்றீர்களே, அப்படியானால் சவரியம்மாவை... என்று ஆரம்பித்தார். அக்கா பைக்குள்ளிருந்து பவுடர் டப்பாவை எடுத்து மணியக்காரர் கையில் கொடுத்தார்.

"உங்க வூட்டு அம்மாவையே காய்ச்சச் சொல்லுங்க. உங்க பானை, உங்க தண்ணி, உங்க கை. வூட்டுல எல்லாரும் ஒரு டம்ளர் குடிங்க. நாளைக்குச் சொல்லுங்க."

மணியக்காரர் வீம்புக்காரர். வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை. அவர் வீட்டிலிருந்து யாருமே தெருவுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் சொல்லி அனுப்பினார், பவுடரே மட்டம் என்று. கை என்ற பேச்சு அதோடு போயிற்று. தலைமையாசிரியர் சவரியம்மாவை நிறுத்தவில்லை. பாலை உறை ஊற்றித் தயிராக்கி, உப்புப் போட்டுக் கடைந்து கொடுத்தோம். தயிர்க் கிருமிகள் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை நமக்கு முன்னாலேயே தின்றுவிடும் என்றார் அக்கா. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொண்டது. செல்வி கஞ்சியில் தேறி, பொங்கலுக்கு முன்னால் வந்துவிட்டாள். அவள் அம்மா காலில் விழாத குறையாக அக்கா போய் மன்னிப்புக் கேட்டார்.

சவரியம்மா வீட்டுக்கும் போனோம், ஒரு சாயங்காலம். அவர் பதறிப்போய்ப் பாயை விரித்தார். அக்கா உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"அன்னிக்கி நான் குடிச்சிட்டு ஓடினேன் பாரு, அதுலதான் உன் பேரு இன்னும் கெட்டுது."

"நீங்க என்னாங்க பண்ணுவீங்க டீச்சரம்மா, வவுறுதானுங்களே."

குழந்தை தட்டில் களி உருண்டையை வைத்துக்கொண்டு போராடிக்கொண்டிருந்தது. களி சூடு. பிய்த்து எடுக்க வரவில்லை, மூக்கெல்லாம் குழம்பு. சவரியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. என்னால் பொறுக்க முடியவில்லை. ஊட்டிவிடக் கூடாதா என்று கேட்டேன்.

"இல்லீங்க" என்றார். தரையைப் பார்த்தபடி சொன்னார். "மொதல்ல ஊருல பொய் சொல்றாங்கன்னுதான் நெனச்சேனுங்க. அப்பறம் டீச்சரம்மா குடிச்சாங்க. அவங்களே ஓடுனதும், சரி, எங் கையிலதான் என்னமோ இருக்குதுன்னு நானே நம்பிட்டேனுங்க. அன்னையிலேருந்து பாப்பாவுக்கு ஊட்டறதில்லீங்க. தலைகூட வாரிவுடறதில்லீங்க."

"இப்பதான் தெரிஞ்சிருச்சே, கை இல்லைன்னு?"

"தெரியுதுங்க. கைதான் போவமாட்டேங்குது."

அக்கா எதையாவது விளக்குவார், செல், ஜீன் என்று ஆரம்பிப்பார் என்று பயந்தேன். அவரோ பாயை விட்டு நகர்ந்து குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை மாதிரியே வாயைத் திறந்தார்.

"எனக்கு ஊட்டு."

சவரியம்மா மாட்டேன் என்றார், கும்பிட்டார், அழுதார். அக்கா திறந்த வாயை மூடவில்லை. கடைசியில் சவரியம்மா கையை நனைத்துக்கொண்டு, களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, அந்த வாயில் வைத்தார். அக்கா விழுங்கினார். மறுபடி திறந்தார். மூன்று வாய்.

மறுநாள் காலையில் மோர் வரிசை. பிள்ளைகளோடு பெற்றோரும் நின்றார்கள். மணியக்காரர் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அண்டாவுக்குப் பின்னால் சவரியம்மா. அக்கா நடுவில் வந்து நின்று, கிணற்றடிக் குரலில் அறிவித்தார்.

"நேத்து சாயங்காலம் சவரியம்மா கையால மூணு வாய் களி சாப்பிட்டேன். வயிறு நல்லா இருக்குது. காலையில சுகமாப் போச்சு."

தலைமையாசிரியர் இருமினார். மணியக்காரர் வானத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குக் காது சிவக்கவில்லை. "இன்னிக்கும் போறேன், நாளைக்குச் சொல்றேன்" என்றார் அக்கா. சொன்னபடி போனார். சாயங்காலம் தவறாமல் போய் அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறப்பார், காலையில் வரிசையில் நின்று வயிற்றின் நலத்தை ஊருக்குச் சொல்வார். பிள்ளைகள்கூட, "இன்னிக்கி எப்பிடிங்க டீச்சர்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பொங்கல் கழிந்து ஒருநாள் காலையில் அக்கா வரிசைக்கு முன்னால் வந்து நின்றபோது முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. சவரியம்மா அகப்பையை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நேத்து எனக்கு ஒரு வாய்கூடக் கெடைக்கலை" என்றார் அக்கா. "முழு உருண்டையையும் புள்ளைக்கே ஊட்டிட்டா."